வாய்க்குப் போன 25, உள்ளே வைத்த 25

ஒரே நாள் காலையில் எங்கள் லேபர் வார்டில் இரண்டு பேருக்கு வலி வரவைக்கும் மருந்தை ஆரம்பித்தோம். இருவருக்கும் தலைப்பிரசவம். இருவருக்கும் ஒரே மருந்து, மிசோப்ரோஸ்டால். கேஸ் ஷீட்டில் இருவருக்கும் 25 மைக்ரோகிராம் என்றுதான் எழுதியிருந்தது. ஒருவருக்கு மாத்திரைத் துண்டைக் கருப்பை வாய்க்குப் பின்புறம் வைத்தோம்; இன்னொருவருக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம். அன்று மாலை 4 மணி வாக்கில் முதல் பெண்ணின் குழந்தைக்கு இதயத் துடிப்பு 85க்கு இறங்கியது. அன்றிரவு பேசியபோது "உள்ளே வைத்ததால் வந்த வினை" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் மருந்துத் தட்டைப் போய்ப் பார்த்தேன்.

இரண்டு தாய்மாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க வயது, நேரம் போன்ற சிலவற்றை லேசாக மாற்றியிருக்கிறேன். வார்டில் எல்லாரும் பெட் நம்பரில்தான் பேசுவோம். நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் பெயரை மறைக்க இங்கே கைகொடுக்கிறது.

மூன்றாம் கட்டில்

வயது 26. 41 வாரம் 1 நாள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. ஸ்கேனில் பனிநீர் போதுமான அளவு, குழந்தையின் எடை சுமார் 3.1 கிலோ, தலை கீழே. பனிக்குடம் உடையவில்லை, வலி இல்லை. நாள் தாண்டியதுதான் காரணம்.

உள்பரிசோதனையில் கருப்பை வாய் 1 செ.மீ. திறந்திருந்தது, அதன் நீளம் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குறுகியிருந்தது, கெட்டியும் இல்லாமல் மிருதுவும் இல்லாமல் நடுத்தரம், பின்னோக்கி இருந்தது, குழந்தையின் தலை இன்னும் இடுப்புக்குள் இறங்காமல் நன்றாக மேலேயே. பிஷப் மதிப்பெண் 3. எட்வர்ட் பிஷப் 1964இல் இந்த ஐந்து அம்சக் கணக்கை எழுதியது, யாருக்கு மருந்து கொடுத்தால் சுலபமாகப் பிரசவம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான். மொத்தம் 13, ஆறும் அதற்குக் கீழும் என்றால் கருப்பை வாய் இன்னும் பக்குவப்படவில்லை என்று பொருள். மூன்று என்றால் ட்ரிப்பில் ஆக்சிடோசினை (கருப்பையைச் சுருங்க வைக்கும் ஹார்மோன்) மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, முதலில் கருப்பை வாயைப் பழுக்க வைக்க வேண்டும்.

காலை 8 மணிக்கு 20 நிமிடம் சி.டி.ஜி. (குழந்தையின் துடிப்பையும் வலியையும் சேர்த்துப் பதியும் மெஷின்) எடுத்தோம், நன்றாக இருந்தது. 8:30க்கு முதல் துண்டு. மதியம் 2:30க்கு மறுபடி பார்த்தபோது பத்து நிமிடத்துக்கு இரண்டு லேசான வலி, மதிப்பெண் 4. இரண்டாவது துண்டை வைத்தோம்.

3:40க்கு அவரே சிஸ்டரைக் கூப்பிட்டு, "சிஸ்டர், விடவே மாட்டேங்குது, ஒண்ணு போறதுக்குள்ள இன்னொண்ணு வருது" என்றார். சி.டி.ஜி. போட்டார்கள். முதல் பத்து நிமிடத்தில் ஆறு வலி. அடுத்த பத்தில் ஏழு. அதற்கடுத்ததில் ஆறு. குழந்தையின் துடிப்பு 140இல் ஓடிக்கொண்டிருந்ததால் "பார்க்கலாம்" என்று நின்றுகொண்டிருந்தோம். 4:06க்கு 85க்கு இறங்கியது, ஏறவில்லை.

இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, சலைனை வேகமாக விட்டு, 4:08க்குக் கருப்பையைத் தளர்த்தும் டெர்பியூட்டலின் 0.25 மில்லிகிராம் தோலுக்கடியில் போட்டோம். உள்பரிசோதனையில் தொப்புள்கொடி இறங்கவில்லை, ரத்தப்போக்கு இல்லை, கருப்பை வாய் 2 செ.மீ. வயிற்றைத் தொட்டால் வலிக்கு நடுவிலும் கல் மாதிரி இருந்தது, பிறகு மெல்ல இளகியது. பஞ்சால் துடைத்தபோது பின்பக்கக் குழிவில் வெள்ளைப் பசையாகக் கொஞ்சம் மருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எடுத்தது எங்கள் மன ஆறுதலுக்குத்தான். ரத்தத்தில் ஏறியதைப் பஞ்சு என்ன செய்யும்? 4:13க்குத் துடிப்பு 135. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லி வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

அதன் பிறகு அவருக்கு மிசோப்ரோஸ்டால் போன்ற புராஸ்டகிளாண்டின் வகை மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரவு நன்றாகத் தூங்கினார். காலை 6:30க்கு மதிப்பெண் 7, கருப்பை வாய் 3 செ.மீ. பனிக்குடத்தை உடைத்தோம், நீர் தெளிவாக இருந்தது. ஆக்சிடோசினை நிமிடத்துக்கு 1 மில்லியூனிட்டில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை ஏற்றி, 8 மில்லியூனிட்டில் அப்படியே வைத்தோம். மதியம் 1:20க்குச் சுகப்பிரசவம், 3.2 கிலோ, ஆப்கார் (பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்) 8, 9. முதல் துண்டிலிருந்து 28 மணி 50 நிமிடம்.

ஐந்தாம் கட்டில்

வயது 23. 39 வாரம். அதிகாலை 4 மணிக்குப் பனிக்குடம் உடைந்து வந்தவர், வலி இல்லை. ஸ்டெரைல் ஸ்பெகுலம் வைத்துப் பார்த்ததில் நீர் வழிவது தெரிந்தது, கருப்பை வாய் நீளமாக மூடியிருந்தது. நீர் போன பெண்ணை அடிக்கடி கைவைத்துப் பரிசோதிக்கக் கூடாது, தொற்று வரும். மாத்திரையை உள்ளே வைத்தாலும் வழிகிற நீரோடு எவ்வளவு போகும், எவ்வளவு நிற்கும் என்று கணக்கு வைக்க முடியாது. எனவே வாய்வழி.

200 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றை 200 மில்லி குடிநீரில் போட்டுக் கலக்கினால், மில்லிக்கு 1 மைக்ரோகிராம். 25 மில்லி குடித்தால் 25. இதில் ஒரு சிறு சூட்சுமம் உண்டு: மருந்து கரையும், மாத்திரையில் இருக்கும் மாவு கரையாது, அடியில் தங்கும். ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நன்றாகக் குலுக்கிய பிறகுதான் அளக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல் கொட்டிவிட வேண்டும்.

9, 11, 1, 3, 5 என ஐந்து வேளை குடித்தார். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் சிஸ்டர் வயிற்றில் கைவைத்துப் பத்து நிமிடம் வலியை எண்ணி, துடிப்பைக் கேட்டு, அப்புறம்தான் கொடுத்தார். 7 மணிக்குப் பத்து நிமிடத்துக்கு மூன்று நல்ல வலி. ஆறாவது வேளையைக் கொடுக்கவில்லை. மருந்தில் ஒரு துளி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நிறுத்தினோம், அவ்வளவுதான். 9 மணிக்கு 4 செ.மீ. நீர் போய் 18 மணி நேரம் ஆனதும் ஆன்டிபயாடிக் போட்டோம். அதிகாலை 4:40க்குப் பிரசவம், 2.9 கிலோ. முதல் வேளையிலிருந்து 19 மணி 40 நிமிடம். இடையில் ஒருமுறை வாந்தி, வேறெதுவும் இல்லை.

எடுத்த எடுப்பில் தோன்றும் முடிவு

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் "வாய்வழியே வேகம், வாய்வழியே பாதுகாப்பு" என்று எழுதிவிடத் தோன்றும். வேகம் பற்றிய பாதி தவறு. பனிக்குடம் உடைந்த பெண்ணுக்கு உடல் தானாகவே பாதி வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். மூன்றாம் கட்டிலுக்கோ நாங்களே ஒரு ராத்திரி முழுக்க ஓய்வு கொடுத்தோம். இருவரின் மணிக்கணக்கை ஒப்பிடவே முடியாது. பெரிய ஆய்வுகளின் விடை வேறு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பு குறைந்த அளவு வாய்வழி மிசோப்ரோஸ்டாலைப் பற்றிய 61 ஆய்வுகளை, 20,026 பெண்களின் விவரங்களைத் திரட்டியது. அதில் யோனிவழியோடு ஒப்பிட்டால் வாய்வழி கொஞ்சம் மெதுவானது. ஆனால் குழந்தையின் துடிப்பைப் பாதிக்கும் அளவுக்கு வலி மிஞ்சிப்போவது குறைவு, குழந்தைக்கு ஆபத்து என்று அவசரமாகக் கிழிக்கும் சிசேரியனும் குறைவு.

ஏன் அப்படி என்பதற்கு மருந்து உடம்பில் ஏறி இறங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க விரும்புகிறேன், ஏனென்றால் 25 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நாம் ஏமாறுவது இங்கேதான்.

விழுங்கிய மிசோப்ரோஸ்டால் அரை மணியில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். இரண்டு மணிக்கு ஒருமுறை கொடுப்பது அதனால்தான். முந்தைய அலை ஓய்ந்த பிறகே அடுத்தது. யோனியில் வைத்தது அப்படியல்ல. மெதுவாக ஏறும், உச்சம் 70, 80 நிமிடம் வாக்கில். உச்சம் வாய்வழியைவிடத் தாழ்வு. ஆனால் இறங்க மனசில்லாமல் அங்கேயே நிற்கும். நான்கு மணி நேரம் கழித்தும் உச்சத்தில் பாதிக்கு மேல் இருப்பதை, இதைவிட அதிக அளவு கொடுத்துச் செய்த ஆய்வில் அளந்திருக்கிறார்கள். மொத்தமாக உடம்புக்குள் சேரும் மருந்தும் அதிகம். போதாததற்குக் கருப்பை வாயிலேயே நேரடியாகவும் வேலை செய்யும். ஆக, வைத்த 25 வேறு, குடித்த 25 வேறு. இரண்டையும் ஒரே எண்ணால் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

மூன்றாம் கட்டிலின் நேரத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். இரண்டாவது துண்டு 2:30. அவர் கூப்பிட்டது 3:40. சரியாக 70 நிமிடம். முதல் துண்டின் மிச்சமும் அப்போது முழுதாக ஓய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் வாய்வழிக்கு 2 மணி, யோனிவழிக்கு 6 மணி என்று வேறு வேறு இடைவெளி சொல்வது இந்த நீண்ட வாலுக்காக.

மருந்துத் தட்டு

இவ்வளவும் தெரிந்தும் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. ஆறு மணி இடைவெளியைச் சரியாகத்தான் விட்டிருந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு மருந்துத் தட்டை இழுத்துப் பார்த்தேன்.

எங்களிடம் அப்போது 25 மைக்ரோகிராம் மாத்திரை இல்லை. இருந்தது 200 மட்டும். இந்த மாத்திரை முதலில் வந்தது பிரசவத்துக்கே அல்ல, வலி நிவாரணி மாத்திரைகளால் வரும் வயிற்றுப் புண்ணைத் தடுக்க. அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்ததும் அதற்குத்தான். வயிற்றுக்கு 200 சரி. கருப்பைக்கு அதில் எட்டில் ஒரு பங்கு வேண்டும். அதனால் சர்ஜிக்கல் பிளேடால் நான்காக வெட்டி, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக்குவார்கள்.

மடித்த காகிதத்தில் மீதி ஆறு துண்டுகள் இருந்தன. அவற்றை ஆறு என்று சொல்வதே பெருந்தன்மை. ஒன்று கிட்டத்தட்ட கால் மாத்திரை அளவுக்கு இருந்தது. இரண்டு சுமாராகச் சமம். ஒன்று முனை உடைந்து முக்கோணமாக நின்றது. மீதி இரண்டும் துண்டு என்பதைவிடத் துகள். காகிதத்தின் மடிப்பில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அதுவும் மருந்துதான், யாருக்கும் போகாத மருந்து. வெட்டுகிற கையைக் குறை சொல்ல முடியாது. சின்ன மாத்திரை, கோடு போடாத இடத்தில் வெட்டினால் அப்படித்தான் உடையும். அது மட்டுமல்ல, துண்டுகள் ஒரே எடை இருந்தாலும் மருந்து அதில் சமமாகப் பரவியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாம் கட்டிலுக்கு 2:30க்கு வைத்தது எந்தத் துண்டு? யாராலும் சொல்ல முடியவில்லை. வைத்த ஹவுஸ் சர்ஜன் யோசித்துவிட்டு, "கொஞ்சம் பெருசா இருந்த மாதிரிதான் இருந்துது மேடம்" என்றார். காலையில் துகளும் மதியம் கால் மாத்திரையும் போயிருக்கலாம். இரண்டுமே சமமாகவும் இருந்திருக்கலாம். நாம் வழியைக் குற்றவாளி ஆக்குகிறோம். அளவு சாட்சிக் கூண்டுக்கே வரவில்லை.

ஐந்தாம் கட்டிலுக்கு அந்தச் சிக்கலே இல்லை. முழு மாத்திரை, முழு பாட்டில் தண்ணீர். குலுக்கி அளந்தால் ஒவ்வொரு 25 மில்லியும் முந்தையதைப் போலவே இருக்கும். அவருக்குக் கிடைத்த பாதுகாப்பில் ஒரு பங்கு வாய்வழிக்குச் சேரும். இன்னொரு பங்கு அந்தப் பாட்டிலுக்கும் அளவுக் கோப்பைக்கும் சேர வேண்டும். கரைசலோ, 25 என்றே தயாரான மாத்திரையோ இல்லாத இடத்தில் இரு வழிகளை ஒப்பிட்டு வாதாடுவது வீண் என்பது என் கருத்து.

மற்ற வழிகள்

நாக்குக்கு அடியில் வைத்தால் கல்லீரலைச் சுற்றாமல் நேராக ரத்தத்துக்குப் போவதால் உச்சம் எல்லாவற்றையும்விட உயரம், சீக்கிரமும் கூட. உயிருள்ள குழந்தை உள்ளே இருக்கும்போது அந்த உயரம் எனக்குப் பிடிக்காது. கன்னத்துக்கு உள்பக்கம் வைப்பது நடுவாந்திரம் என்று சிலர் விரும்பினார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 300 பெண்களிடம் கன்னத்தையும் யோனியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். யோனிவழியில் பிரசவத்துக்கு ஆன நேரம் இடைநிலையாக 20.1 மணி, கன்னவழியில் 28.1. குழந்தையின் நிலை காரணமாக அவசர சிசேரியன் செய்ததும் கன்னவழியில்தான் அதிகம். மெதுவாகவும் இருந்து, பாதுகாப்பும் தராத வழியை எதற்குப் பிடித்துக்கொள்வது? மலக்குடல் வழி பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்குப் பயன்படுத்துவது. வலி வரவைக்க அல்ல.

டைனோப்ரோஸ்டோன் கருப்பை வாயைப் பழுக்க வைக்கும் வேறு மருந்து. ஆனால் ஒரு காரணத்துக்காக அதைச் சொல்ல வேண்டும். கருப்பை வாய்க்குள் வைக்கும் 0.5 மில்லிகிராம் ஜெல்லை உள்ளே விட்டால் விட்டதுதான். 10 மில்லிகிராம் பட்டையோ மணிக்கு 0.3 என்று மெல்லக் கசியும், நுனியில் நாடா இருக்கும். வலி மிஞ்சினால் நாடாவைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்துவிடலாம். எடுத்து அரை மணியில் ஆக்சிடோசினும் தொடங்கலாம். விலையும், இரண்டையும் குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயமும்தான் தடை.

பலூன் மருந்தே அல்ல, கருப்பை வாய் வழியே வைத்து நீர் நிரப்பி அதை விரிக்கும் குழாய், ஆனால் ஒப்பீட்டில் எப்போதும் கூடவே நிற்கும். ரத்த அழுத்தம் உள்ள 602 பெண்களிடம் நாக்பூரில் செய்து 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இரண்டு மணிக்கு ஒருமுறை 25 வாய்வழி கொடுத்தவர்களில் 57% பேர் 24 மணிக்குள் யோனிவழிப் பிரசவம் ஆனார்கள், ஃபோலி பலூன் வைத்தவர்களில் 47%. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்தப் போட்டியே கிடையாது: தழும்பு கிழியும் அபாயம் இருப்பதால் மிசோப்ரோஸ்டால் எந்த வழியிலும் கூடாது, பலூனைத்தான் யோசிக்க வேண்டும்.

ஆக்சிடோசின் ட்ரிப் ஒன்றுதான் உண்மையில் திருகி மூடக்கூடிய குழாய். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சில நிமிடங்கள்தான். மூன்றாம் கட்டிலுக்கு மறுநாள் நாங்கள் தைரியமாகத் தொடங்கியதும் அதனால்தான். மிசோப்ரோஸ்டாலுக்கும் அதற்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். அவருக்கு ஒரு முழு இரவே கிடைத்தது.

நாங்கள் தவறியது

எழுதக் கஷ்டமான பகுதி. 3:50க்கே ஆறு வலி. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஐந்துக்கு மேல் போய், அது அரை மணி நீடித்தால் அளவு மீறிய சுருக்கம் என்பது வரையறை. அந்த அரை மணியை நாங்கள் வரையறை நிறைவேறக் காத்திருக்கும் நேரமாக எடுத்துக்கொண்டோம். துடிப்பு நன்றாக இருந்தாலும் அப்போதே சாய்த்துப் படுக்க வைத்து, சலைன் ஏற்றி, டெர்பியூட்டலினைக் கையில் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஊசியை ஃபிரிட்ஜ் பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்து வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

இன்னொன்று. உள்ளே வைத்த மருந்துக்கு 70, 80 நிமிடத்தில்தான் உச்சம் என்று தெரிந்தும், வைத்த உடனே முதல் 30 நிமிடம் மட்டும் சி.டி.ஜி. போட்டுக் கழற்றியிருந்தோம். அந்த அரை மணியில் எதுவும் நடக்காது என்பது கிட்டத்தட்ட நிச்சயம். பார்க்க வேண்டிய நேரத்தில் மெஷின் வேறு கட்டிலில் இருந்தது. மூன்றாம் கட்டில் தானே கூப்பிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருந்தால்?

வாய்வழிக்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஐந்து வேளைக்கு ஐந்து தடவை வலி எண்ணி, ஐந்து தடவை துடிப்பு கேட்டு, ஐந்து தடவை பாட்டில் குலுக்கிய சிஸ்டருக்கு அன்று வேறு நான்கு பேரும் இருந்தார்கள். ராத்திரியில் ஆரம்பித்தால் அந்தப் பெண்ணை இரண்டு மணிக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும். எண்ணாமல், கேட்காமல் கோப்பையை மட்டும் நீட்டினால் வாய்வழியின் நன்மை அத்தனையும் போய்விடும். ஆளில்லாத வார்டில் ஆறு மணிக்கு ஒருமுறை வைக்கும் மாத்திரை கவர்ச்சியாகத் தெரிவதும், ஆளில்லாத வார்டில்தான் அது அதிக ஆபத்தானது என்பதும் ஒரே நேரத்தில் உண்மை.

இப்போது எங்கள் வார்டில் பிளேடு மருந்துத் தட்டில் இல்லை. 25 மாத்திரை வரவழைத்திருக்கிறோம். அது தீர்ந்தால் கரைசல். பாட்டிலில் கலக்கிய நேரத்தை ஒட்டுகிறோம். உள்ளே வைப்பவர்களுக்கு இரண்டாவது சி.டி.ஜி. ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குகிறது. டெர்பியூட்டலின் கட்டிலருகே.

மூன்றாம் கட்டில் வீட்டுக்குப் போகும் நாளில், "அடுத்த தடவையும் இப்படித்தான் ஆகுமா டாக்டர்?" என்று கேட்டார். இரண்டாவது பிரசவத்துக்குப் பெரும்பாலும் கருப்பை வாய் சீக்கிரம் இசையும்மா, வலி தானாகவே வரவும் வாய்ப்பிருக்கிறது, மருந்து தேவைப்பட்டால் இதைக் காட்டுங்கள் என்று டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கொடுத்தேன். அதில் ஹவுஸ் சர்ஜன் "மிசோப்ரோஸ்டால் 25 மைக்ரோகிராம், யோனிவழி, இரண்டு வேளை" என்று எழுதியிருந்தார். பேனாவை வாங்கி 25க்கு முன்னால் "ஏறக்குறைய" என்றும், வரியின் கடைசியில் "உடைத்த மாத்திரை" என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.